பில்லர் ஓரம் பீமில் சாய்வான விரிசல்: பட்டி பார்த்தால் போதுமா?

மாடிவீடு:
கீழ்த்தள ஹாலில் 9க்கு 18 இன்ச் பீம், நீளம் 16 அடி. அதற்கு நேர் மேலே முதல் மாடியில் புதிதாக 9 இன்ச் செங்கல் சுவர், 10 அடி உயரத்துக்கு எழுப்பினோம். அப்புறம் மொட்டை மாடியில் 2000 லிட்டர் டேங்க் வைத்தோம். இப்போது பில்லரிலிருந்து அரை அடி தள்ளி, பீமின் அடியில் தொடங்கும் விரிசல் நடுப்பக்கமாகச் சாய்ந்து மேலே ஏறுகிறது. விசிட்டிங் கார்டு உள்ளே போகிறது, ஏடிஎம் கார்டு போகவில்லை. பூச்சு விரிசல்தான், பட்டி பார்த்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி. பீமின் அடியில் பலத்துக்காகக் கார்பன் துணி (கார்பன் இழையில் நெய்தது, எபாக்சி பசையால் ஒட்டுவது) ஒட்டச் சொல்கிறார் இன்னொருவர். டேங்கைக் காலி செய்துவிட்டேன்.

ஸ்டிரப்:
டேங்க் 2 டன்தான். அந்தச் சுவர் மீட்டருக்குச் சுமார் 1.4 டன், மொத்தம் 7 டன்னை நெருங்கும். முதலில் விரிசலின் இரு பக்கமும் ஜாக்கி முட்டுக் கொடுங்கள், அடியில் பலகை போட்டு. அப்புறம் பூச்சைத் தட்டிப் பாருங்கள். பீம் வளைவதால் வரும் விரிசல் நடுவில் நேராக வரும், தொய்வு காட்டி எச்சரிக்கும். இந்தச் சாய்வு விரிசல் வெட்டு விசையால் (பில்லர் ஓரத்தில் பீமைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் விசை) வருவது, சொல்லாமல் உடையும்.

மாடிவீடு:
முட்டுக் கொடுத்தாச்சு. கான்கிரீட்டிலும் விரிசல் இருக்கிறது. கம்பி தேடும் கருவி வைத்துப் பார்த்தோம்: நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் 8 மி.மீ. ரிங், 12 இன்ச்சுக்கு ஒன்று. டிராயிங்கில் 6 இன்ச்! கேட்டால், விதிப்படி சரிதான் என்கிறார் ஒப்பந்தக்காரர்.

ஸ்டிரப்:
கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 456 சொல்லும் 300 மி.மீ. என்பது அதிகபட்ச இடைவெளி, அவ்வளவுதான். வெட்டு விசையைத் தாங்குவது ரிங்தான், பாரத்துக்கு எத்தனை தேவை என்பது தனிக்கணக்கு. 415 கம்பி (கம்பியின் பலத்தைச் சொல்லும் தரம்) என்று வைத்தால், உங்கள் பீமில் 150 மி.மீ. இடைவெளியில் ரிங் மட்டுமே ஏறக்குறைய 99 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 10 டன் தாங்கும். 300-இல் அதில் பாதி.

அடியில் ஒட்டும் துணி வளைவுக்குத்தான் உதவும். வெட்டு விசைக்குப் பக்கவாட்டில், இழை செங்குத்தாக நிற்க, மூன்று பக்கமும் சுற்ற வேண்டும். மேலே ஸ்லாப் இருப்பதால் முழுசாகச் சுற்ற முடியாது, மேல் முனை உரிந்து வரப் பார்க்கும். அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் ஏ.சி.ஐ. 440 வழிகாட்டியும் துணியின் இழுவிசைத் திரிபை (இழுத்தால் நீளும் விகிதத்தை) 0.004-க்கு மேல் கணக்கில் எடுக்க விடுவதில்லை. ஒட்டுவதற்கு முன் விரிசலில் எபாக்சி ஏற்றி, மூலைகளை 13 மி.மீ. ஆரத்துக்காவது உருட்டணும்.

பழையகம்பி:
நானாக இருந்தால் ஜாக்கெட்டிங்தான், அதாவது பீமைச் சுற்றிப் புதுக் கம்பியும் கான்கிரீட்டும் போடுவது. பக்கங்களைக் கொத்தி, ஸ்லாபில் துளை போட்டு, புது ரிங்கை மேலே மூடிக் கட்டி, மைக்ரோ கான்கிரீட் (குறுகிய இடத்திலும் ஓடி நிரம்பும் பொடி ஜல்லிக் கலவை) ஊற்றலாம். பீம் பருக்கும், ஹால் அழகு கெடும், அது வேறு கதை. ஆனால் தீப்பிடித்தால் எபாக்சி மாதிரி இளகாது. எதைச் செய்தாலும் ஜாக்கியால் பாரத்தை வாங்கிக்கொண்டு செய்யுங்கள். இல்லாவிட்டால் இப்போதுள்ள பாரம் பழைய ரிங்கிலேயே நிற்கும், புதுசு இனி வரும் பாரத்தை மட்டும்தான் பங்கு போட்டுக்கொள்ளும்.

மாடிவீடு:
சுவரை இடித்துவிட்டு லேசான தடுப்பு வைத்தால்?

ஸ்டிரப்:
தாராளமாக, முதலில் அதைச் செய்யுங்கள். ஆனால் விரிசல் விட்ட பீமுக்கு ரிங் குறை அப்படியேதான் இருக்கிறது. டிசைன் இன்ஜினியரை நேரில் வரவழைத்து, மற்ற பீம்களிலும் அதே கருவியை ஓட்டச் சொல்லுங்கள். ஒன்றில் 12 இன்ச் கட்டிய ஆள் அடுத்ததில் 6 கட்டியிருப்பாரா என்ன?