கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கமிருந்து கடலூர், பாண்டிக்கு விடியக்காலை மீன் வாங்கப் போறவங்க: அங்க பார்த்தது, வழியில கெட்டது

மத்தூர் மாங்கா:
செங்கம் தாண்டி வண்டிய ஓரங்கட்டிப் பெட்டியத் திறந்தா, இறால் தலையெல்லாம் மை தடவின மாதிரி கறுத்துக் கிடக்கு. கடலூர் முதுநகர் துறைமுகத்துல காலைல பளபளன்னு இருந்த வெள்ளை இறால். பெட்டியில ஐஸ் இல்லாம இல்ல. கட்டிக் கொடுத்தவர் மொத்தத்தையும் அடியில கொட்டி, இறாலை மேல பரப்பி மூடிட்டார். மேல கிடக்கிற சரக்குக்கு அடி ஐஸ் எட்டாது. ஐஸ் தண்ணி மேலிருந்து கீழ வழிஞ்சாத்தான் நடுவுல இருக்கிறது குளிரும்.

கறுத்ததால அது அழுகிப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. இறாலோட நொதி காத்துப் பட்டதும் செய்ற வேலை அது. தலையில அதிகம், அதான் அங்க முதல்ல தெரியும். வாங்கின இடத்துலயே தலையக் கிள்ளிட்டு, ஐஸும் தண்ணியும் கலந்த வாளியில முக்கி எடுத்து, கவர்ல கட்டி, கீழயும் மேலயும் ஐஸ் போட்டா வீடு வரைக்கும் தாங்கும். தலையோட 1 கிலோ வாங்கினா ஓடு, குடல் போய்க் கிட்டத்தட்ட பாதிதான் சட்டிக்கு வரும். எத்தனை பேருக்குன்னு கணக்குப் போடும்போது அதையும் பார்த்துக்கங்க.

பர்கூர் மச்சான்:
மாங்கா சொன்னது சரி, ஆனா ஐஸ் எவ்வளவுன்னு யாருமே சொல்ல மாட்டேங்கறீங்க. 10 கிலோ மீன் வாங்குறீங்க, அது 30 டிகிரி சூட்டுல இருக்கு. அதை 0 டிகிரிக்கு இறக்க மட்டுமே 3 கிலோவுக்கு மேல ஐஸ் கரைஞ்சு போயிடும். அப்புறம் அஞ்சு மணி நேரம் வெயில்ல வண்டி ஓடுறதுக்குத் தனியா வேணும். அதனால நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு பங்கு மீனுக்கு ஒரு பங்கு ஐஸ். சித்திரை, வைகாசின்னா இன்னும் கொஞ்சம் கூட. 20 கிலோ பிடிக்கிற தெர்மோகோல் பெட்டியில 10 கிலோ மீன்தான் கொண்டு வர முடியும். மீதி இடம் ஐஸுக்கு. இதை ஏத்துக்காதவங்க சின்னப் பெட்டிய எடுத்துட்டுப் போய் மீனை அமுக்கி அடைச்சு நாசம் பண்றாங்க.

கட்டி ஐஸ் வேண்டாம். துறைமுகத்து ஐஸ் கடையில அரைச்சுத் தருவாங்க, அதையே வாங்குங்க. கட்டிக்கும் மீனுக்கும் நடுவுல சந்து விழும், முனை குத்தி வஞ்சிரம் மாதிரி மெல்லிய தோல் கிழியும். அடியில நாலு விரல் உயரம் ஐஸ், மேல மீன் ஒரு வரிசை, மறுபடி ஐஸ், இப்படியே அடுக்கி, கடைசியா மூடிக்குக் கீழ தடிமனா ஒரு அடுக்கு. முழு மீன்னா ஐஸ் நேரா படட்டும். துண்டு போட்டது, கணவாய் ரெண்டும் கவர்ல போயே ஆகணும், இல்லன்னா கரைஞ்ச தண்ணியில ருசி போயிடும். பெட்டி அடியில ஒரு சின்ன ஓட்டை போட்டு, கீழ தார்ப்பாய் விரிச்சு, ஒரு தட்டு வையுங்க. மீன் தண்ணி காரோட கால் விரிப்புக்குள்ள இறங்கிட்டா அந்த வாடை மழைக்காலம் முடியற வரைக்கும் போகாது. மூடியச் சுத்தி டேப் ஒட்டுங்க. வழியில திறந்து திறந்து பார்க்காதீங்க.

அரூர்காரன்:
மச்சான், ஐஸ்ல ரெண்டு கை கல் உப்பு போட்டா இவ்வளவு தேவையில்லையே. இன்னும் சில்லுன்னு இருக்கும்.

பர்கூர் மச்சான்:
சில்லுன்னு இருக்கும், அதான் பிரச்சினை. உப்பு சேர்ந்த ஐஸ் 0 டிகிரிக்கும் கீழ இறங்கும். மீன் வெளிப்பக்கம் மெதுவா உறைஞ்சு, உள்ள பெரிய ஐஸ் பரல் கட்டி, சதை கிழியும். வீட்டுல உருகினதும் தண்ணி விட்டுக் கொழகொழன்னு ஆயிடும். மீன் உறையக் கூடாது அண்ணா, குளிர்ந்தா போதும்.

அரூர்காரன்:
சரி விடு. வழி விஷயத்துக்கு வர்றேன். கிருஷ்ணகிரியிலிருந்து பாண்டிக்கு ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம்னு சுமார் 210 கிலோமீட்டர். தருமபுரிக்காரங்களுக்கு அரூர், தானிப்பாடி, திருவண்ணாமலை, விழுப்புரம் வழியா கடலூர் தோதுப்படும். இந்த ரெண்டுல எந்த வழியில போனாலும் திருவண்ணாமலையத் தொடாம முடியாது. பௌர்ணமி அன்னைக்கு மட்டும் கிளம்பிடாதீங்க. ராத்திரி போகும்போதும் கிரிவலக் கூட்டம், காலைல திரும்பும்போதும் பஸ் வரிசை. பெட்டிக்குள்ள ஐஸ் கரையிறது மட்டும் நிக்காது. கார்த்திகை தீபத்துக்கு முன்னப்பின்ன ரெண்டு மூணு நாளும் அதே கதைதான்.

ராத்திரி 12 மணிக்குக் கிளம்பினா அஞ்சு மணிக்குள்ள துறைமுகம். எட்டு, எட்டரைக்கு அங்கிருந்து புறப்பட்டா மதியச் சாப்பாட்டுக்குள்ள வீடு. ஓட்டுறதுக்கு ரெண்டு ஆள் வேணும். திரும்புற வழியில தூக்கம் அமுக்குறது செஞ்சிக்கும் செங்கத்துக்கும் நடுவுலதான். பாண்டியிலிருந்து வர்றவங்க பெட்டிய டேப் போட்டு இறுக்குறதுக்கு முன்ன யோசிங்க, சரக்குப் பாட்டில் தேடி எல்லை செக்போஸ்ட்ல திறக்கச் சொல்லுவாங்க. டேப்பைக் கையோட வெச்சுக்கங்க, மறுபடி ஒட்டலாம்.

ஓசூர் அடுப்பங்கரை:
ஏலத்துல கூடை எடுக்கிறதப் பத்தி யாரும் பேசலையே. சங்கராக் கூடை, மேல ரெண்டு வரிசை உள்ளங்கை அகலத்துக்கு செக்கச் செவேல்னு. ஏலம் முடிஞ்சு தரையில கவிழ்த்தா அடியில எல்லாம் விரல் நீளத்துக் குட்டி, நடுவுல வயிறு வெடிச்ச கிழங்கான் வேற. ஏலம் போனா போனதுதான், அங்க எடை கிடையாது, திருப்பிக் கொடுக்கிறதும் கிடையாது. ரெண்டு மூணு குடும்பத்துக்கு வாங்கப் போறவங்களுக்கு ஏலம் சரிப்படாதுங்க. ஏலத்துல எடுத்துப் பக்கத்துலயே தட்டுல கொட்டிக் கூறு கட்டி விக்கிற அம்மாக்கள் இருப்பாங்க. கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பொறுக்கி வாங்கலாம், எடை போட்டு வாங்கலாம்.

வஞ்சிரம் துண்டா வெச்சிருந்தா வாங்காதீங்க. முழு மீனா எடுத்து, உங்க கண்ணு முன்னால வெட்டச் சொல்லுங்க. கூட்ட நேரத்துல வெட்டுற இடத்துல நாலு பேர் மீன் ஒண்ணா கிடக்கும், துண்டு மாறிப் போகும். தலையையும் வாலையும் கேட்டு வாங்கிட்டா துண்டு உங்களோடதுதானான்னு தெரிஞ்சிடும், தலை குழம்புக்கும் ஆச்சு. துண்டுல நடு எலும்பை ஒட்டிச் சதை அடர் சிவப்பாப் பெருசா தெரிஞ்சா அது சூரை. அதைச் சூரைன்னு சொல்லி வித்தா தப்பில்ல, வஞ்சிரம் விலைக்கு வித்தாத்தான் எரிச்சல்.

பாலக்கோட்டுத் தக்காளி:
இவ்வளவு தூரம் போய் வாங்குறதே மருந்து அடிக்காத மீன் வேணும்னுதான். ஈ மொய்க்குதான்னு பாருங்க, மொய்க்கலன்னா கெடாம இருக்க ஃபார்மலின் மருந்து அடிச்சிருக்காங்க. இந்த ஒண்ணு தெரிஞ்சா போதும்.

ஓசூர் அடுப்பங்கரை:
விடியக்காலை அஞ்சு மணிக்கு ஐஸ் மேல கிடக்கிற மீன்ல ஈ எப்படிங்க மொய்க்கும்? ஈயை நம்பி முடிவு பண்ணாதீங்க. 2018ல கேரளாவுல ‘ஆபரேஷன் சாகர் ராணி’ன்னு சோதனை போட்டு ஃபார்மலின் மீனை வண்டி வண்டியாப் பிடிச்சாங்க. அதெல்லாம் தூரத்திலிருந்து நாள் கணக்குல பயணம் பண்ணின சரக்கு. அன்னைக்குக் கரைக்கு வந்த மீனுக்கு மருந்து அடிக்க என்ன அவசியம்? சந்தேகம் இருந்தா கொச்சியில இருக்கிற மத்திய மீன்வள தொழில்நுட்ப நிறுவனம் பண்ணின தாள் பட்டை சோதனை இருக்கு, மீன் மேல தேய்ச்சு ஒரு சொட்டு மருந்து விட்டா நிறம் மாறிக் காட்டும்.

கையால பார்க்கிறதுன்னா: வாலைப் பிடிச்சுத் தூக்கினா மீன் விறைப்பா நிக்கணும். செவுள் சிவப்பா, வழவழப்பு தெளிவா இருக்கணும். வயித்தை அமுக்கினா குழி நிக்கக் கூடாது. கண்ணு மங்கலா இருக்குன்னு மட்டும் பார்த்து ஒதுக்காதீங்க, ஐஸ் நேரா பட்டாலே கண்ணு வெளுத்துடும். இறாலுக்குத்தான் வேற மருந்து உண்டு, கறுக்காம இருக்க சோடியம் மெட்டாபைசல்பைட்ல முக்குறது. ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு அது ஒத்துக்காது. நாள் கணக்கா ஆகியும் தலை கறுக்காத இறால்னா கேள்வி கேளுங்க.

தென்பெண்ணைக் கரை:
நம்ம கிருஷ்ணகிரி கேஆர்பி அணையத் தாண்டி ஓடுற தென்பெண்ணை ஆறு கடலூர்கிட்டதான் கடல்ல சேருது, அதனாலயோ என்னவோ எனக்குக் கடலூர் நண்டு மேலதான் கண்ணு. நண்டு பத்தி ஒருத்தரும் வாய் திறக்கல. பெரிய நீலக்கால் நண்டு, பார்த்தாலே கை துறுதுறுங்கும். வீட்டுல உடைச்சா உள்ள தண்ணி. தோல் உரிச்சுக் கொஞ்ச நாள்தான் ஆன நண்டு அது. புது ஓடு பெருசா வளர்ந்திருக்கும், சதை இன்னும் நிறைஞ்சிருக்காது. வாங்கும்போது அடிப்பக்கம், கால் முளைக்கிற இடத்துல கட்டை விரலால அழுத்துங்க. அமுங்கினா வேண்டாம். ஒரே அளவு ரெண்டு நண்டை ரெண்டு கையிலயும் தூக்குங்க, கனமானதுல கறி இருக்கு. அமாவாசை நண்டுல சதை, பௌர்ணமி நண்டுல தண்ணின்னு சொல்லுவாங்க. அழுத்திப் பார்க்கிறவங்களுக்குக் காலண்டர் வேண்டாம். வயித்து மடிப்பு குறுகலா இருந்தா ஆண், அகலமா வட்டமா இருந்தா பெண். வெளிய ஆரஞ்சு நிறத்துல முட்டை ஒட்டியிருக்கிற சினை நண்டை விட்டுடுங்க, கடலுக்கு அது வேணும்.

கடல் நண்டு சீக்கிரம் செத்துடும், செத்ததும் சதை இளகும். வாங்கின உடனே ஐஸ். பிச்சாவரம், பரங்கிப்பேட்டை பக்கம் கிடைக்கிற சேத்து நண்டு அப்படியில்ல. கொடுக்கைக் கட்டி, ஈரச் சாக்குல சுத்தி, நிழல்ல வெச்சா உயிரோட வீடு வரும். அதை ஐஸ்லயும் போடாதீங்க, வாளித் தண்ணியிலயும் போடாதீங்க. நிக்கிற தண்ணியில காத்து தீர்ந்து மூச்சு முட்டிச் செத்துடும்.

காரிமங்கலம் லாரி:
எல்லாரும் போறது பள்ளிக்கூட லீவுல. மாங்கா சீசன்ல கையில காசு, பிள்ளைங்க வீட்டுல, கிளம்பிடுறாங்க. கிழக்குக் கரையில ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்குத் தடை. அப்ப துறைமுகத்துல படகெல்லாம் கட்டிக் கிடக்கும், பெயின்ட் அடிச்சுட்டு இருப்பாங்க. நாட்டுப்படகு, ஃபைபர் படகு மட்டும் கரையோரம் போய் வரும். நெத்திலி, மத்தி, கிழங்கான், கானாங்கெளுத்தி, கொஞ்சம் நண்டு, இதெல்லாம் அன்னன்னைக்குப் பிடிச்சதா கிடைக்கும். தடைக் காலத்துல ஆள் உசரத்துக்கு வஞ்சிரம் தொங்குதுன்னா அது பெரும்பாலும் மேற்குக் கரையிலிருந்து ஐஸ்ல வந்தது, இல்ல குளிர்க்கிடங்குல இருந்தது. அதை வாங்க 200 கிலோமீட்டர் எதுக்கு, நம்ம ஊர் மார்க்கெட்டுக்கும் அதே லாரிதான் வருது.

போறதுன்னா புரட்டாசியில போங்க. பாதி ஊரு சைவம், விலை இறங்கிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில முந்தின நாள் புயல் எச்சரிக்கை பார்த்துட்டுக் கிளம்புங்க. படகு இறங்கலன்னா மீன் ஏது?

பென்னாகரம் சின்னக்கா:
ஒண்ணே ஒண்ணு. விலை மலிவுன்னு கானாங்கெளுத்திய 3 கிலோ கவர்ல கட்டி, ஐஸ் இல்லாம சீட்டுக்கு அடியில வெச்சுக் கொண்டு வந்திருக்காங்க. நல்லா வறுத்துத்தான் சாப்பிட்டாங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள மூஞ்சி செவந்து, உடம்பெல்லாம் தடிச்சு, தலைவலி. மீன் அலர்ஜின்னு நினைச்சு இனிமே மீனே வேண்டாம்னுட்டாங்க. அலர்ஜி இல்ல அது. கானாங்கெளுத்தி, சூரை, மத்தி இதெல்லாம் சூட்டுல கிடந்தா உள்ள ஹிஸ்டமின்ங்கிற நஞ்சு சேரும், எவ்வளவு கொதிக்க வெச்சாலும் வறுத்தாலும் அது அழியாது. நாத்தம்கூட அடிக்காது. ஒகேனக்கல்ல உயிரோட பிடிச்சு உடனே வறுக்கிற ஆத்து மீன் பழக்கத்துல கடல் மீனைக் கையாளாதீங்க தம்பிங்களா. பெட்டியில இடம் பத்தலன்னா வஞ்சிரத்தைக் குறைங்க, மத்திக்கும் கானாங்கெளுத்திக்கும் ஐஸைக் குறைக்காதீங்க.

மத்தூர் மாங்கா:
அக்கா, வீட்டு ஃப்ரீசர்ல எப்படி வைக்கிறதுன்னும் சொல்லிடுங்க.

பென்னாகரம் சின்னக்கா:
ஒரே மூட்டையா வைக்காதே. வீட்டு ஃப்ரீசருக்கு 5 கிலோவை ஒண்ணா உறைய வைக்கத் தெம்பு கிடையாது, நடுவுல உறையவே ராத்திரி முழுக்க ஆகும். அரை அரைக் கிலோவா, தட்டையா, காத்தை அமுக்கி வெளிய தள்ளிக் கட்டு. இறாலை டப்பாவுல போட்டு மூழ்குற அளவுக்குத் தண்ணி ஊத்தி உறைய வை, காஞ்சு போகாது. மத்தி எண்ணெய் மீன், ஒரு மாசத்துக்குள்ள தீர்த்துடு. வஞ்சிரம் ரெண்டு மூணு மாசம் தாங்கும். எடுக்கும்போது முந்தின ராத்திரியே கீழ்த்தட்டுக்கு மாத்திடு, வெந்நீர் ஊத்தாதே.

அரூர்காரன்:
உப்பு விஷயத்துல இன்னும் எனக்கு மனசு ஒப்பல. நெத்திலிக்குப் போடலாம்தானே?

பர்கூர் மச்சான்:
கருவாடு போடறதா இருந்தா தாராளமா போடுங்கண்ணா.