மறுமொழி: ‘ஒளியூட்டிய மாறுதிறன் தொலைநோக்கி’ – இந்தப் பெயர் சரியா?

கலைச்சொல் குழுமத்தாருக்கு வணக்கம்.

மான் வேட்டைக்குப் போகிறவர்கள் துவக்கில் (துப்பாக்கியில்) பூட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கியைப் பற்றி நம் ரொறன்ரோத் தம்பி எழுதிவரும் வழிகாட்டியின் தலைப்பைக் கண்டேன்: “பகல் வெளிச்சத்துக்கு ஏற்ற, ஒளியூட்டிய மாறுதிறன் தொலைநோக்கி”. கிளிநொச்சியில் உயர்தரப் பௌதிகவியல் கற்பிக்கும் எனக்கு இதில் மூன்று சொற்கள் இடறுகின்றன. துவக்கு என்று வாயெடுத்தாலே எங்கள் பக்கத்தில் பேச்சு அடங்கிப்போகும். இது சொல்லைப் பற்றிய பேச்சு என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ‘திறன்’. தமிழ்நாட்டுப் பாடநூலில் வாட் கணக்கில் அளப்பது திறன். எங்களுக்கு அது வலு. வில்லைக்கும் வலு உண்டு. தம்பி சொல்ல வருவது இவை எதுவுமல்ல. 1 மடங்கிலிருந்து 6 மடங்கு வரை மாறும் உருப்பெருக்கம். ‘மாறுபெருக்க’ என்று போட்டால் தீர்ந்தது.

‘தொலைநோக்கி’ என்பதைக் ‘குறிநோக்கி’ ஆக்கலாம். ‘துவக்குக் காட்டி’ என்று நான் முன்மொழிந்தால் சென்னை வாசகர் எதையோ தொடங்கிவைக்கும் பொத்தான் என்று நினைத்துவிடுவார்!

பெரிய வில்லங்கம் ‘ஒளியூட்டிய’ என்பதில்தான். தலைப்பை என் மாணவன் ஒருவனிடம் காட்டினேன். “டோர்ச் லைட் பூட்டியதா, சேர்?” என்று கேட்டான். அவனில் பிழையில்லை. ஒளி தொலைநோக்கிக்கும் ஊட்டப்படவில்லை, மானுக்கும் ஊட்டப்படவில்லை. உள்ளே கண்ணாடியில் செதுக்கிய மெல்லிய கோட்டின்மீது ஓர் ஒளிகாலும் இருவாயி (LED) பக்கவாட்டில் ஒளியைப் பாய்ச்சுகிறது. பார்ப்பவன் கண்ணுக்கு அந்தக் கோடோ புள்ளியோ சிவப்பாகத் தெரிகிறது, அவ்வளவே.

பகலில் இது எதற்கு என்று கேட்கலாம். இரணைமடுக் குளக்கட்டில் நின்று, வெயிலில் மின்னும் வயலைப் பார்த்தால் கறுப்புக் கோடு பளிச்சென்று தெரியும். அதே குழாயைக் காட்டோர நிழலுக்குத் திருப்பினால் கோடு இருட்டோடு இருட்டாகிவிடும். நிழலுக்குச் சிறு ஒளி போதும். உச்சி வெயிலில் அந்தச் சிறு ஒளி, சித்திரை மாதத்துக் கைப்பேசித் திரைபோல, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. கோடு பொருளியின், அதாவது முன்வில்லையின், குவியத்தளத்தில் அமைந்த வகையென்றால் சிக்கல் இன்னும் கூடும். பெருக்கத்தைக் கூட்டினால் கோடும் தடிக்கும்; 1 மடங்குக்கு இறக்கினால் மயிரிழையாகிவிடும். அப்போது கண் நம்பியிருப்பது ஒளியை மட்டும்தான். ஆகவே வாங்குபவர் அதைக் கடைக்குள் வைத்துப் பார்த்து மயங்காமல், வெளியே கொண்டுவந்து வெயில் விழும் வெள்ளைச் சுவரை நோக்கிப் பார்க்க வேண்டும்.

நம் கண் மிகக் கூர்மையாக உணர்வது 555 நனோமீற்றர் அளவிலான பச்சையைத்தான். ஆனாலும் பச்சைப் பின்னணியில் எடுபடுவது சிவப்பு. இதையும் தம்பி சேர்த்துக்கொள்ளலாம். பெரிய பொருளி இருந்தால் பகலிலும் பிரகாசம் கூடும் என்று எழுதியிருப்பதை நீக்கிவிடுங்கள். 24 மில்லிமீற்றர் பொருளியை 6 மடங்கில் வைத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 4 மில்லிமீற்றர். வெயிலில் நம் கண்மணியோ 2, 3 மில்லிமீற்றருக்குச் சுருங்கிவிடும். மிச்ச ஒளி வீண்.

இனி அந்தக் கோட்டுக்குப் பெயர். நம் குழுமத்துச் சென்னை ஐயா தந்த ‘குறுக்கிழை’ அழகான சொல். ஆனால் இன்று பலவற்றில் குறுக்கும் இல்லை, இழையும் இல்லை. ஒரு புள்ளியும் அதைச் சுற்றி ஒரு குதிரை லாடமும்தான் இருக்கின்றன. நான் ‘ஒளிர்வரை’ என்கிறேன்; வரை என்றால் கோடு. வினைத்தொகை என்பதால் காலம் மறைந்து நிற்கும். பற்றரி தீர்ந்து அணைந்திருந்தாலும் பெயர் பொய்க்காது.

கிளிநொச்சியிலிருந்து

*

ஆசிரியருக்கு,

‘ஒளிர்வரை’ என்றால் ஒளிரும் வரைக்குமா? அணைந்த பிறகு என்ன பெயர்?

நில அளவைக் கருவியோடு வன்னி முழுக்க அலைந்தவன் நான். கருவிக்குள் தெரியும் கோடுகளை நாங்கள் கம்பி என்போம். அளவுகோலில் மேற்கம்பி வாசிப்பிலிருந்து கீழ்க்கம்பி வாசிப்பைக் கழித்து 100ஆல் பெருக்கித் தூரம் எடுக்கிறோம். ஒருகாலத்தில் அந்த இடத்தில் சிலந்தி நூலைக் கட்டினார்கள். இன்றைக்கு இருப்பது கண்ணாடிக் கீறல். என்றாலும் எனக்கு அது கம்பிதான். எள்ளின் நெய்தான் எண்ணெய்; அதற்காகத் தேங்காய் எண்ணெயையும் மண்ணெண்ணெயையும் வேண்டாம் என்றா சொல்கிறோம்? உங்கள் பாடநூலிலேயே ‘குறுக்குக் கம்பி’ இருக்கும்போது ஏன் புதிதாகத் தேட வேண்டும்? ‘ஒளிர்கம்பி’ என்று வையுங்கள்.

வவுனியாவிலிருந்து

*

ஐயா,

எண்ணெய்க்கு என்னிடம் மறுமொழி இல்லை. ‘வரை’யைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ‘ஒளிர்கம்பி’ என்றதும் எனக்குப் பழைய குண்டு பல்புக்குள் சிவக்கும் கம்பிதான் நினைவுக்கு வருகிறது. பொதுப்பெயர் ‘கம்பி’ என்றே இருக்கட்டும். ஒளி பெறும் வகையை மட்டும் ‘ஒளிர்குறி’ என்போம். புள்ளிக்கும் பொருந்தும், லாடத்துக்கும் பொருந்தும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது; ‘ஒளிர்க்குறி’ என்று எழுதிவிடாதீர்கள்.

தம்பியின் ‘பகல்’ என்ற சொல்லிலும் எனக்குச் சம்மதமில்லை. மார்கழி மழையில் மூடிக்கிடக்கும் நாளும் பகல்தான். அன்றைக்கு எந்த ஒளிர்குறியும் தெரியும். சோதனை வெயிலில்தான் இருக்கிறது. ஆகவே ‘வெயில்மங்கா ஒளிர்குறி’. முழுப்பெயர் ‘வெயில்மங்கா ஒளிர்குறி கொண்ட மாறுபெருக்கக் குறிநோக்கி’ என்று நீண்டுவிடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். தலைப்பில் ஒருமுறை முழுதாக எழுதிவிட்டு, உள்ளே ‘குறிநோக்கி’ என்றே போகலாம்.

கண்ணுக்கு வரும் அந்த ஒளிவட்டத்துக்கு ‘வெளிப்பாவை’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறேன். கண்மணிக்குள் இருப்பதைப் பாவை என்று வள்ளுவரே அழைத்திருக்கிறார். வவுனியா ஐயா அதையும் ஒருமுறை உரசிப் பார்க்க வேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து