பழைய ஆக்‌ஷன் படங்களை எதற்கு மறுபடி எடுக்கிறார்கள்?

கேள்வி: 1987-இல் வந்த ரோபோகாப் என்ற ஹாலிவுட் படத்தை மறுபடி பார்த்தேன், கையோடு 2014 ரீமேக்கையும். புதியதில் கிராபிக்ஸ் பளபளவென்று இருக்கிறது, ஆனால் பழையதில் இருந்த ரத்தமும் நக்கலும் காணோம். ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் படத்தை ஏன் தொட வேண்டும்?

பதில் 1: வியாபாரம்தான், வேறென்ன. பழையது அமெரிக்காவில் ஆர் சான்றிதழ் (17 வயதுக்குக் கீழே இருந்தால் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம்), புதியதைச் சின்னப் பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று பிஜி-13 (13 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோருக்கு எச்சரிக்கை மட்டும்) ஆக்கிவிட்டார்கள். பல்லைப் பிடுங்கிய பாம்பு அப்புறம் எப்படிக் கொத்தும்?

பதில் 2: ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லாதீர்கள். எல்லோரும் கொண்டாடும் 1983 ஸ்கார்ஃபேஸே 1932 படத்தின் ரீமேக்தான். காமிக்ஸை வைத்து எடுத்த 1995 ஜட்ஜ் ட்ரெட் சொதப்பல், அதே காமிக்ஸை வைத்து 2012-இல் எடுத்த ட்ரெட் அருமை. என்னைக் கேட்டால், சொதப்பிய படங்களைத்தான் மறுபடி எடுக்க வேண்டும்.

கேட்டவர்: அது சரி, ஆனால் சொதப்பிய படத்துக்கு மறுபடி பணம் போட யார் வருவார்?