ஹார்ட் ஃபெய்லியர் உள்ள அப்பாவுக்கு அமினோ கேப்ஸ்யூல் கொடுக்கலாமா?

தென்காசி செல்வி:
அப்பாவுக்கு 68 வயசு. ஹார்ட் அட்டாக் வந்து ரெண்டு வருஷம் ஆகுது. எக்கோவில் இ.எஃப் (ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் வெளியே தள்ளுற ரத்தத்தோட அளவு) 30 சதவீதம். நீர் மாத்திரை, ஸ்பைரோனோலாக்டோன் (பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்க வைக்கிற மாத்திரை) எல்லாம் ஓடுது. எடை 58 கிலோவிலேயே நிக்குது, ஆனா வாட்ச் மணிக்கட்டில் கழன்று சுத்துது, தோள் எலும்பு துருத்திக்கிட்டுத் தெரியுது. ஜிம்முக்குப் போற தம்பி, ரத்தக்குழாய் விரியும்னு சொல்லி ஆர்ஜினின்கிற அமினோ அமில கேப்ஸ்யூல் டப்பா வாங்கிட்டு வந்திருக்கான். கொடுக்கலாமா?

மீனாட்சி (டயட்டீஷியன்):
வேண்டாம்மா, டப்பாவைத் திறக்காதீங்க. ஆர்ஜினினை வச்சு உடம்பு நைட்ரிக் ஆக்சைடு செய்யும், அது ரத்தக்குழாயை விரிக்கும். தம்பி சொன்னது அந்த மட்டுக்கும் சரி. அதை நம்பித்தான் அமெரிக்காவில், மாரடைப்பு வந்து சில நாளே ஆன 153 பேரை வச்சுச் சோதிச்சாங்க. ஒரு பாதிக்கு ஆர்ஜினின், தினம் 9 கிராம் வரை. மறு பாதிக்கு மருந்தில்லாத மாத்திரை. ஆர்ஜினின் எடுத்தவங்களில் 6 பேர் இறந்துட்டாங்க, மறுபக்கம் ஒருத்தர்கூட இல்லை. மேற்கொண்டு ஆள் சேர்க்காம நிறுத்திட்டாங்க. 2006-ல் வெளிவந்த முடிவு இது. அப்பாவுக்கு அட்டாக் பழசுதான், ஆனாலும் அவரை வச்சு நாம சோதிக்க வேண்டாம்.

எனக்குக் கவலை அந்த 58 கிலோதான். சதை கரையக் கரைய நீர் கோத்துக்கிட்டா தராசு முள் நகராது. கணுக்காலுக்கு மேல விரலால அழுத்திப் பாருங்க. குழி விழுந்து மெதுவா நிரம்பினா நீர்தான். சதை குறையறவங்களுக்குப் புரதமும் வேணும், சோறு எண்ணெய்னு மொத்தச் சாப்பாடும் வேணும். சாப்பாடு பத்தலைன்னா கொடுக்கிற புரதத்தையும் உடம்பு எரிச்சுடும்.

தென்காசி செல்வி:
நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைஞ்சிடுச்சுங்கிறார் மேடம்.

மீனாட்சி (டயட்டீஷியன்):
கல்லீரல்லயும் குடல்லயும் நீர் தேங்கினா அப்படித்தான் இருக்கும், டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க. மூணு வேளையை ஆறாப் பிரிங்க. காலையில ஒரு முட்டை, அதிலேயே 6 கிராம் புரதம். 11 மணிக்குச் சுண்டல் ஒரு கிண்ணம், உப்பு பேருக்கு. மதியம் மீன் துண்டு பெருசா வைங்க, குழம்பைக் குறைங்க. உப்பும் தண்ணியும் அதிலதான் இருக்கு. கெட்டித் தயிர் நல்லது, ஆனா தண்ணி அளவு சொல்லியிருந்தா பால், ரசம், கஞ்சி எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். கருவாடு, அப்பளம், ஊறுகாய் வேண்டவே வேண்டாம்.

மதுரை கண்ணன்:
ஒண்ணு சேர்த்துக்கிறேன் தங்கச்சி. சோடியம் குறைஞ்ச உப்புன்னு பாக்கெட்டில் விக்குதே, அதில் பெரும்பாலும் பொட்டாசியம் கலந்திருக்கும். எங்க அம்மாவும் ஸ்பைரோனோலாக்டோன் எடுத்தாங்க. அந்த உப்பை மாத்தினதும் பொட்டாசியம் ஏறி, ராத்திரியோட ராத்திரியா அட்மிட் பண்ண வேண்டியதாப் போச்சு. இளநீரும் டாக்டரைக் கேட்காம கொடுக்காதீங்க.

மீனாட்சி (டயட்டீஷியன்):
கண்ணன் சொன்னதை அப்படியே பிடிச்சுக்கோங்க. காலையில சிறுநீர் கழிச்சதும், சாப்பிடறதுக்கு முன்னாடி எடை பார்த்து எழுதி வைங்க. மூணு நாளில் 2 கிலோ ஏறினா உடனே டாக்டரைக் கூப்பிடுங்க. புரதத்தைத் தினம் கிலோவுக்கு 1.1 கிராம் வரை கொண்டுபோகணும், வீக்கம் வடிஞ்ச எடைக்கு. ஆனா கிட்னி இடம் கொடுக்கணும். கிரியாட்டினின், பொட்டாசியம் ரிப்போர்ட் வந்ததும் இங்க போடுங்க செல்வி.