8 வயது மகளுக்கு முன்பல் உள்ளே போயிருக்கிறது, உதவி தேவை

மதுரையில் இருக்கிறோம். மகளுக்குப் புதிதாக முளைத்த மேல் முன்பல் ஒன்று, வாயை மூடினால் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் போய்விடுகிறது. அந்தக் கீழ்ப்பல்லின் ஈறு இறங்கத் தொடங்கியிருக்கிறது; என் பயமெல்லாம் அதுதான். வலி இல்லை. விரல் சூப்பும் பழக்கமும் கிடையாது.

ஐஸ் குச்சியைக் கடித்துப் பல்லை முன்னே தள்ளும் பயிற்சி செய்து பார்த்தோம், அசையவில்லை. எக்ஸ்ரேயில் கூடுதல் பல் எதுவும் தெரியவில்லை. ஸ்பிரிங் வைத்த, கழற்றி மாட்டும் பிளேட் இப்போதே போடலாம் என்கிறார் ஒரு மருத்துவர். 12 வயதுக்கு மேல் மொத்தமாகக் கிளிப் போட்டால் போதும் என்கிறார் இன்னொருவர். ஈறு அதுவரை காத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதே வயதில் ஒற்றைப் பல்லுக்கு பிளேட் போட்ட பிள்ளைகளுக்கு, பல் முன்னே வந்த பிறகு ஈறு சரியானதா?