'இண்டிஃபெரன்ஸ்': மனங்கோடாமை என்று வைக்கலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் சொல்லும் 'இண்டிஃபெரன்ஸ்', அதாவது படைக்கப்பட்ட எதன் பக்கமும் முன்கூட்டியே சாயாத மனநிலை, அதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்ற பேச்சைத் தொடர்கிறேன்.

> 'அக்கறையின்மை' சரிவராது என்றால் 'துறவு' என்றே வைத்துவிடலாமே?

'அக்கறையின்மை' வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறோம். கடவுளைத் தேடித் தவிப்பவரை அக்கறையற்றவர் என்று எழுதுவது அவதூறு. ஆனால் 'துறவு' என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளில் (1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற நூல்) மூன்று வகை மனிதர் பற்றி ஒரு தியானம் வருகிறது. மூவரிடமும் 10,000 டுகாட் (அக்காலப் பொற்காசு) பணம் இருக்கிறது. கடவுள்மேல் உள்ள அன்புக்காக மட்டும் சேர்த்ததல்ல என்பதால் மூவருக்கும் மனம் உறுத்துகிறது. முதலாமவன் பற்றை விட வேண்டும் என்கிறான். சாகும்வரை அதற்காக ஒன்றும் செய்வதில்லை. இரண்டாமவன் பற்றை விடுவானாம், பணத்தை மட்டும் விடமாட்டானாம். அவன் இருக்கும் இடத்துக்குக் கடவுள்தான் வர வேண்டும். மூன்றாமவனுக்குப் பணம் இருக்க வேண்டும் என்றும் இல்லை, போக வேண்டும் என்றும் இல்லை. கடவுளின் சேவைக்கு எது உகந்ததோ அதுவே போதும்.

இந்த மூன்றாமவன் கையில் கடைசிவரை பணம் இருந்தாலும் இருக்கலாம். அப்போது அவனைத் துறவி என்று எப்படிச் சொல்வது? வெளியிலிருந்து பார்த்தால் அவனும் இரண்டாமவனும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். வித்தியாசம் முழுக்க உள்ளே இருக்கிறது. நமக்குச் சொல் வேண்டியது அதற்குத்தான்.

'தன்னடக்கம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. கலாத்தியர் 5:23இல் பழைய மொழிபெயர்ப்பு 'இச்சையடக்கம்' என்றும், திருவிவிலியம் 'தன்னடக்கம்' என்றும் சொல்வது ஆவியின் கனிகளில் ஒன்றை. ஆசை இழுக்கும், மனிதன் பிடித்து நிறுத்துவான். பவுல் பந்தய வீரனை உதாரணம் காட்டுவதும் அதனால்தான். இஞ்ஞாசியார் கேட்பது அதற்கு அடுத்த நிலை: இழுப்பே ஒரு பக்கமாக இல்லாத மனம்.

அப்புறம் 'பற்றின்மை'. இதை நான்காம் நூற்றாண்டுப் பாலைவனத் துறவி எவாக்ரியுஸின் 'அபதேயா'வுக்கு (ஆசாபாசங்கள் அலைக்கழிக்காத நிலை) ஒதுக்கிவிடலாம் என்பது என் எண்ணம். அந்தக் கிரேக்கச் சொல்லே வம்பில் மாட்டியதுதான். அப்படி ஒருவன் ஆனால் அவன் கல்லாக வேண்டும் அல்லது கடவுளாக வேண்டும் என்று திருச்சபைத் தந்தை ஜெரோம் கடிந்துகொண்டார். எவாக்ரியுஸின் வழியில் வந்த துறவி காசியன் அந்தச் சொல்லை விட்டுவிட்டு 'உள்ளத் தூய்மை' என்று எழுதினார்.

இனி என் பரிந்துரை. பயிற்சிகளில், வாழ்வில் எதைத் தேர்ந்துகொள்வது என்பது பற்றிய பகுதியில், எந்தப் பக்கமும் சாயாமல் தராசின் நடுவில் இருப்பதுபோல நிற்கச் சொல்கிறார் இஞ்ஞாசியார். குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்' அங்கே இருக்கிறது. அதைவிட முக்கியம் 115ஆம் குறள்: 'கேடும் பெருக்கமும் இல்லல்ல நெஞ்சத்துக் கோடாமை சான்றோர்க் கணி.' தாழ்வும் வளமும் எவருக்கும் வரும், அவற்றால் நெஞ்சம் ஒரு பக்கம் கோணாமல் இருப்பதே சான்றோர்க்கு அழகு என்பது பொருள். செல்வமா வறுமையா, நலமா நோயா, மதிப்பா இழிவா, நெடிய வாழ்வா குறுகிய வாழ்வா என்று பயிற்சிகளின் தொடக்கத்தில் வரும் வரிசையோடு இதைச் சேர்த்து வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 119ஆம் குறளில் 'உட்கோட்டம்' (உள்ளத்தின் கோணல்) என்ற சொல்லும் கிடைக்கிறது. இஞ்ஞாசியார் 'ஒழுங்கற்ற பற்று' என்பதற்கு அது கச்சிதம்.

ஆகவே: ஒழுங்கற்ற பற்று உட்கோட்டம், அது நீங்கிய நிலை மனங்கோடாமை. வெறும் 'கோடாமை' என்று விட்டால், ஒரு கொம்பு மாறியதும் 'கொடாமை' ஆகிவிடும். பணத்தைப் பற்றிய தியானத்தில் அந்தப் பிழை வரவே கூடாது.

> தராசு என்றால் கடவுளும் உலகமும் சம எடை என்று ஆகாதா?

ஆகாது. தட்டுகளில் வைப்பது படைக்கப்பட்டவற்றை மட்டுமே. 'படைக்கப்பட்ட எல்லாவற்றின் மட்டிலும்' என்று மூலத்திலேயே இருக்கிறது. கடவுள் தட்டில் ஏறுவதில்லை. அவருக்காகத்தான் நிறுக்கிறோம்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். பயிற்சிகளில் வரும் தாழ்ச்சியின் மூன்று படிகளில் மூன்றாவதில், இரண்டு பக்கமும் கடவுளுக்கு ஒரே அளவு மகிமை என்றாலும், ஏழையான கிறிஸ்துவோடு ஏழையாக இருப்பதையே மனம் தேர்ந்துகொள்கிறது. இதுவும் சாய்வுதான், ஆனால் அன்பினால் வந்த சாய்வு. இதைக் கோட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'விழைவு' போதும் என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். பட்டியலில் உட்கோட்டம், மனங்கோடாமை இரண்டையும் சேர்த்துவிட்டு இதை மட்டும் திறந்து வைத்திருக்கிறேன்.