மும்பை நேர்காணல்: சான்றிதழில் பேர் இல்லைன்னா ‘பதிவில்லை’ன்னு வாங்கிட்டுப் போகலாமா?

தெப்பக்குளத்தான்:
நேத்து கோரிப்பாளையம் ராஜா இங்க எழுதினதைப் படிச்சதுல இருந்து மனசு ஆறல. அவர் சொன்னது இதுதான்: "பிறப்புச் சான்றிதழ்ல பேர் இல்லையா? மாநகராட்சியில ‘பதிவில்லை’ன்னு ஒரு சர்டிபிகேட் வாங்குங்க, ரெண்டு அஃபிடவிட்டைச் சேர்த்து வைங்க, மும்பை அமெரிக்கத் தூதரக நேர்காணல்ல தைரியமாப் பேசுங்க, அமெரிக்காவுல குடியேறுற கிரீன் கார்டு விசா கைக்கு வந்துரும்."

பேர் இல்லாத பதிவு வேற, பதிவே இல்லாதது வேற. 1984-ல மதுரைப் பெரியாஸ்பத்திரியில (அரசு ராஜாஜி மருத்துவமனை) பிறந்த பிள்ளைக்குச் சான்றிதழ் எடுத்தா எப்படி இருக்கும்? பெயர்க் கட்டத்துல ஒரு கோடு. அதுக்குக் கீழ ‘ஆண்’, பிறந்த தேதி, அப்பா பேரு, அம்மா பேரு, பதிவு எண் எல்லாம் வரிசையா இருக்கும். பதிவு எண்ணே இருக்கிறப்ப ‘பதிவில்லை’ன்னு எவன் எழுதித் தருவான்? தந்தாலும் அது பொய்ச் சான்று. பொய்ச் சான்றுன்னு தெரிஞ்சா தூதரகத்துல வெறும் "மறுபடி வா"ன்னு அனுப்ப மாட்டாங்க. வேணும்னே ஏமாத்தினதா எழுதிட்டா வாழ்நாள் தடை.

கோரிப்பாளையம் ராஜா:
வந்துட்டாருய்யா. போன மாசம் போலீஸ் சான்றிதழ் விஷயத்துலயும் இதே குரல்தான். நான் நடைமுறையச் சொல்றேன், நீங்க சட்டப் புத்தகத்தைப் படிக்கிறீங்க. பதிவாகி பதினஞ்சு வருசம் தாண்டினா பேர் சேர்க்க முடியாதுன்னு கவுண்டர்லயே திருப்பி அனுப்புறாய்ங்க. அவன் எங்க போவான்? பதிவில்லைச் சான்றும் அஃபிடவிட்டும் அமெரிக்காக்காரனே ஏத்துக்கிற காகிதம். நானா கண்டுபிடிச்சேன்?

தெப்பக்குளத்தான்:
ஏத்துக்கிறது பதிவு இல்லாதவனுக்கு. பதிவு இருக்கிறவனுக்கு இல்ல.

பதினஞ்சு வருசக் கணக்கு உண்மைதான். ஆனா பழைய பதிவுகளுக்குப் பேர் சேர்க்கத் தமிழ்நாடு அரசு அவகாசத்தைத் திரும்பத் திரும்ப நீட்டியிருக்கு. 2024 டிசம்பர் 31 வரைன்னு நீட்டினது அதுல ஒண்ணு. அதனால கவுண்டர்ல ஒருத்தர் முடியாதுன்னு வாயால சொன்னதும் திரும்பிராதீங்க. மனு எழுதிக் குடுத்து, இப்ப அவகாசம் இருக்கா இல்லையான்னு எழுத்துல பதில் கேளுங்க. பள்ளி மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பெத்தவங்க உறுதிமொழி மூணும் கையில இருக்கணும்.

உசிலம்பட்டி மாரி:
அண்ணே, ஒரு சந்தேகம். எங்க ஊர்க்காரர் ஒருத்தருக்கு, அமெரிக்காவுல இருக்கிற அவர் அண்ணன் 2006-ல போட்ட குடியேற்ற மனு இப்பத்தான் முறைக்கு வந்திருக்கு. உசிலம்பட்டி நகராட்சியில தேடிப் பார்த்துட்டு பதிவில்லைன்னு எழுதியே குடுத்துட்டாங்க. அப்ப ராஜாண்ணே சொல்றதுதானே சரி?

தெப்பக்குளத்தான்:
தம்பி, அவர் எங்க பிறந்தார்? ஊர் எதுன்னு கேக்கல, பிறந்த கட்டடம் எதுன்னு கேக்குறேன். பிறப்பு, பிறந்த இடத்துலதான் பதிவாகும். குடியிருக்கிற ஊருக்கும் பதிவுக்கும் சம்பந்தமே இல்ல. உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பிள்ளைகள்ல பாதிப் பேரு பெரியாஸ்பத்திரியில பிறந்தவங்க. அவங்க பதிவு மதுரை மாநகராட்சிக் கணக்குல இருக்கும். உசிலம்பட்டியில தேடினா இல்லைன்னுதான் வரும். அந்தக் காகிதத்தைத் தூக்கிட்டு மும்பைக்குப் போனா, "பிறந்த இடம் மதுரைன்னு பாஸ்போர்ட்ல இருக்கு, இல்லைன்னு உசிலம்பட்டி ஏன் சொல்லுது?" அப்படிங்கிறதுதான் முதல் கேள்வி.

அதுவும் அண்ணன் தம்பி மனு. ரெண்டு பேருக்கும் ஒரே தாய் தகப்பன்னு காட்டுறதே பிறப்புச் சான்றிதழ்தான். இந்த வகையில இந்தியாவுக்கு 2025-லயே 2006-ஆம் வருச மனுதான் ஓடுச்சு. இத்தனை வருசம் காத்திருந்தவன் தப்பான ஆபீஸ்ல வாங்கின ஒரு காகிதத்தால நிக்கணுமா?

கோரிப்பாளையம் ராஜா:
பெரியாஸ்பத்திரின்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்க. வீட்டுல மருத்துவச்சி கையால பிறந்தவன் இல்லையா? அவனுக்குப் பதிவில்லைச் சான்றிதழ் வேணுமா வேணாமா? அதுக்கு நேரா பதில் சொல்லுங்க.

தெப்பக்குளத்தான்:
வேணும். தேடின பிறகு வேணும். பிறந்த இடத்துல தேடின பிறகு வேணும்.

சிம்மக்கல் மீனா:
ரெண்டு அண்ணன்மாரும் அஃபிடவிட் பத்தி ஒரு வரியோட விட்டுட்டீங்க. நிறைய கேஸ் மாட்டுறது அங்கதான். கோர்ட் வாசல்ல 20 ரூபா முத்திரைத்தாள்ல "எனக்குத் தெரிந்தவரை உண்மை"ன்னு டைப் பண்ணித் தர்ற மாதிரிப் படிவம் எடுபடாது. எழுதிக் குடுக்கிறவர் பெத்தவங்களா இருக்கணும், இல்லைன்னா அந்தப் பிறப்பு நடந்தப்ப விவரம் தெரிஞ்ச வயசுல இருந்த சொந்தக்காரரா இருக்கணும். அவரோட முழுப்பேர், முகவரி, அவரே பிறந்த தேதி, இடம், விண்ணப்பதாரருக்கு என்ன உறவு, பிறப்பு எங்க எப்ப நடந்துச்சு, அது அவருக்கு எப்படித் தெரியும், இத்தனையும் வரணும். கடைசியாச் சொன்னதைத்தான் எல்லாரும் விட்டுர்றாங்க. அண்ணன் பிறந்ததுக்குத் தங்கச்சி சாட்சி எழுதின கேஸெல்லாம் இருக்கு. தனக்கு முன்னாடி பிறந்தவனைப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்?

பழைய சான்றிதழ் தமிழ்ல மட்டும் இருந்தா ஆங்கில மொழிபெயர்ப்பும் வேணும். ரெண்டு மொழியும் தனக்குத் தெரியும், மொழிபெயர்ப்பு சரின்னு மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்துப் போடணும். நோட்டரி முத்திரை மட்டும் அதுக்கு ஈடாகாது.

செல்லூர் பாண்டி:
இம்புட்டு எதுக்கு? நிலப் பட்டா, வீட்டுப் பத்திரம், நகை மதிப்பு, ஆடிட்டர் சர்டிபிகேட் எல்லாம் ஒரு ஃபைல்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. ஊர்ல சொத்து இருக்குன்னு காட்டினாத்தான் விசா குடுப்பான்.

தெப்பக்குளத்தான்:
பாண்டி, அது சுற்றுலா விசாவுக்குச் சொல்ற கதை. திரும்பி வருவேன்னு நம்ப வைக்க அங்க சொத்து வேணும். இது குடியேறப் போறவன் விசா. திரும்பி வருவேன்னு அவன் எதுக்கு நிரூபிக்கணும்? அங்க போய் அரசாங்கத்துக்குப் பாரமா இருக்க மாட்டான்னுதான் காட்டணும். அதுக்கு மனுப் போட்டவர் ‘இவர் செலவுக்கு நான் பொறுப்பு’ங்கிற ஐ-864 படிவத்துல கையெழுத்துப் போடணும். அவர் வருமானம், குடும்பத் தலைக்கணக்குக்கு வர்ற அமெரிக்க வறுமைக்கோட்டுத் தொகையில 125 சதவீதமாவது இருக்கணும். பத்தலைன்னா அமெரிக்காவுல வசிக்கிற இன்னொருத்தர் சேர்ந்து பொறுப்பேத்துக்கலாம். தலைக்கணக்குல பிள்ளைகளை விட்டுட்டுக் கணக்குப் போடுறதுதான் வழக்கமா நடக்கிற தப்பு. வருமானம் பத்துச்சுன்னா இதுல பட்டாவுக்கு என்ன வேலை?

செல்லூர் பாண்டி:
என் ஃபைலை நான் தூக்குறேன், உங்களுக்கு என்ன பாரம்? வறுமைக்கோடாம்ல. சொத்து இருக்கிறவன மதிக்காத ஆபீஸ் உலகத்துல எங்கயும் இல்ல.

கோரிப்பாளையம் ராஜா:
பாண்டி, விடுய்யா. அவருக்கு எல்லாம் தெரியும். தெப்பக்குளத்தாரே, எஃப்.என்.யூ. பத்தி போன வருசம் என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா? பாஸ்போர்ட்ல ஒத்தப் பேரு இருந்தா மாத்தியே ஆகணும்னீங்க.

தெப்பக்குளத்தான்:
மாத்தினா நல்லதுன்னேன். "ஆகணும்"ங்கிற வார்த்தையை நீங்களாப் போடாதீங்க. பாஸ்போர்ட்ல ‘முருகேசன்’னு ஒரே பேரு, அதுவும் குடும்பப் பேர்க் கட்டத்துல மட்டும் இருந்தா, டி.எஸ்.-260ங்கிற விசா விண்ணப்பப் படிவத்துல முதல் பேர் இருக்கிற இடத்துல எஃப்.என்.யூ.ன்னு போடணும். முதல் பேர் தெரியாதுங்கிறதுக்கு அடையாளம் அது. விசாவுலயும் கிரீன் கார்டுலயும் அப்படியே வரும். அப்புறம் அங்க பேங்க், லைசென்ஸ்னு ஒவ்வொரு இடத்துலயும் விளக்கணும். இன்ஷியலை விரிச்சு பாஸ்போர்ட்டை மாத்துறதா இருந்தா படிவம் அனுப்புறதுக்கு முன்னாடி மாத்துங்க. அதுக்கப்புறம் மாத்தினா போலீஸ் சான்றிதழ்ல ஒரு பேரு, மெடிக்கல்ல ஒரு பேருன்னு சிக்கிக்கும்.

போலீஸ் சான்றிதழ்னதும் இன்னொண்ணு. பாஸ்போர்ட் ஆபீஸ் குடுக்கிறதுதான் வேணும், ஸ்டேஷன்ல வாங்கின கடிதம் இல்ல. ரெண்டு வருசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும். துபாய், சிங்கப்பூர்னு ஒரு வருசம் இருந்தவங்க அந்த நாட்டுச் சான்றிதழும் வாங்கணும். ராஜா இதைத்தான் போன மாசம் தேவையில்லைன்னாரு.

கோரிப்பாளையம் ராஜா:
தேவையில்லைன்னு சொல்லல. கேட்டாக் குடுக்கலாம்னேன்.

சிம்மக்கல் மீனா:
கேக்குற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்ணே? ஒரு காகிதம் குறைஞ்சா விசாவை நிறுத்தி வச்சு, 221(ஜி)ன்னு சீட்டைக் குடுத்து அனுப்புவாங்க. ஒரு வருசத்துக்குள்ள குறைஞ்சதைக் குடுக்கலைன்னா திரும்பக் கட்டணம் கட்டி முதல்ல இருந்து வரணும். குடும்ப மனுவுக்குத் தலைக்கு 325 டாலர். ஐ-864-ஐப் பார்க்க 120 டாலர் தனி. மெடிக்கலுக்கும் இதே கதைதான். தூதரகம் அங்கீகரிச்ச டாக்டர்கிட்ட மட்டும்தான் போகணும், நம்ம பக்கத்துக்குச் சென்னைதான் தோது. எக்ஸ்ரேயில பழைய காசநோய்த் தழும்பு தெரிஞ்சா சளிப் பரிசோதனை மூணு எடுத்து, கிருமி வளருதான்னு பார்க்க கல்ச்சர் வைப்பாங்க, முடிவு வர ரெண்டு மாசம் ஆகும். நேர்காணலுக்கு முதல் வாரம் போய் நின்னா எப்படி?

உசிலம்பட்டி மாரி:
அக்கா, நேர்காணல்ல என்னதான் கேப்பாங்க?

சிம்மக்கல் மீனா:
வலது கையைத் தூக்கி உண்மையச் சொல்றேன்னு சத்தியம் வாங்குவாங்க. அப்புறம் அண்ணன் எப்பப் போனார், என்ன வேலை, அவர் சம்சாரம் பிள்ளைகள் பேரு, கூடப் பிறந்தவங்க எத்தனை பேருன்னு போகும். படிவத்துல எழுதினதும் வாயில வர்றதும் ஒண்ணா இருக்கணும். அனுப்பின படிவத்தோட பிரிண்டை எடுத்துப் படிச்சுட்டுப் போகச் சொல்லுங்க. ஸ்கேன் பண்ணி ஏத்தியாச்சுன்னு அசலை வீட்டுல வச்சுட்டுப் போயிரக் கூடாது.

தெப்பக்குளத்தான்:
அப்பா பேரையும் பாருங்க. சான்றிதழ்ல ‘மு. கருப்பையா’, பாஸ்போர்ட்ல ‘கருப்பையா முத்து’, அண்ணன் சான்றிதழ்ல ஆங்கிலத்துல ஒரு எழுத்து கூட. மூணும் ஒரே ஆளுன்னு அங்க உக்காந்திருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? இதெல்லாம் பதிவு கையில இருந்தாத்தான் சரி பண்ண முடியும். ‘பதிவில்லை’ன்னு வாங்கிட்டா எதைத் திருத்துவீங்க?

கோரிப்பாளையம் ராஜா:
சுத்திச் சுத்தி அங்கயே வர்றீங்க. அவகாசம் முடிஞ்சு பேர் சேர்க்க முடியாமப் போனவன் என்ன பண்ணணும்? பள்ளிச் சான்றிதழ், பெத்தவங்க அஃபிடவிட். அதைத்தானே நானும் முதல்லயே சொன்னேன்?

தெப்பக்குளத்தான்:
இல்ல. பேரில்லாத சான்றிதழை அப்படியே வச்சு, அதுகூடப் பள்ளிச் சான்றும் அஃபிடவிட்டும் வைக்கணும். நீங்க அந்தச் சான்றிதழை மறைச்சுட்டு ‘பதிவில்லை’ வைக்கச் சொன்னீங்க. நேத்து எழுதினது இன்னும் மேலதான் இருக்கு.

கோரிப்பாளையம் ராஜா:
மறைன்னு நான் எங்க எழுதினேன்? காட்டுங்க.

உசிலம்பட்டி மாரி:
அண்ணே, அவங்க அம்மாகிட்ட போன்ல கேட்டுட்டேன். பெரியாஸ்பத்திரியிலதானாம். திங்கக்கிழமை தல்லாகுளம் அண்ணா மாளிகைக்கு, அதான் மதுரை மாநகராட்சி ஆபீஸுக்குப் போய்க் கேக்கச் சொல்லியிருக்கேன்.

தெப்பக்குளத்தான்:
அப்பா அம்மா பேரும் தேதியும் எழுதித் தேடச் சொல்லு தம்பி. பிள்ளை பேரைச் சொல்லித் தேடினா கிடைக்காது. அந்தக் கட்டம்தான் காலியா இருக்கே.

கோரிப்பாளையம் ராஜா:
மாரி, கிடைக்கலைன்னா பதிவில்லைச் சான்றிதழை அங்கயே கையோட வாங்கிட்டு வரச் சொல்லு. இன்னொரு நடை எதுக்கு?

தெப்பக்குளத்தான்:
முதல்ல தேடட்டும்யா!